பாலுவுக்கு ஏன் ஓர் அணி இல்லை?

(திருமுருகன்பூண்டியில் ஞாயிறு மாலை நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறு மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் போட்டோம். ஏழேகால் ஆகிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஷிப்மென்ட் நெருக்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடும் ஊர் இது. மெஷினிலிருந்து எழுந்து முகம்கூடக் கழுவாமல் வந்தவர்கள் நாலைந்து பேரை இங்கிருந்தே பார்க்கிறேன். என் அம்மாவும் செக்கிங் டேபிளில் இருபது வருடம் நின்றவர்தான். அதனால் சுருக்கமாகப் பேச முயல்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு கைவரும் என்பது உங்களுக்கே தெரியும்.

விளையாட்டும் சாதியும் என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். அமெரிக்காவில் கறுப்பினக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புகள் பற்றிப் பேசச் சொல்லித்தான் தோழர்கள் அழைத்தார்கள். அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் போன வாரம் நம் டீமுக்கு வந்த ஓர் அழைப்பிலிருந்து தொடங்கவேண்டும். அதைக் கேட்ட பிறகு வேறு எங்கிருந்தும் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் திருவிழாவை ஒட்டி மின்னொளி கபடிப் போட்டி நடந்தது. நம் காலனிப் பையன்கள் நுழைவுக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். என் தம்பியும் போனான். பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "ஃபிக்சர் முடிஞ்சு போச்சு தம்பி, அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த இரண்டு டீம்களுக்கு அதே மேஜையில் ரசீது எழுதினார்கள். யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. முகம் சுளிக்கக்கூட இல்லை. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட அங்கே என்ன இருந்தது? 'இடமில்லை' என்ற ஒரே ஒரு சொல்.

அதற்கு அடுத்த வருடம் பையன்கள் தாங்களே போட்டி நடத்தினார்கள். பீஸ் ரேட் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் மண் அடித்து, கோடு போட்டு, ட்யூப் லைட் கட்டி, திருப்பூரில் போய் ஷீல்டு வாங்கி வந்தார்கள். முதல் வருடம் ஆறு டீம். போன வருடம் இருபத்திரண்டு டீம். அதில் ஒன்று ஒடிசா, பீகார் தொழிலாளிப் பையன்களின் டீம். அவர்களையும் வேறு எங்கேயும் சேர்த்துக்கொள்வதில்லை. நம் சோறும் அவர்கள் சுட்ட ரொட்டியும் ஒரே பந்தியில் ஓடியது.

இப்போது அதே பழைய கமிட்டிக்காரர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். "எதுக்கு ரெண்டு போட்டி? இந்த வருசம் ஒண்ணா நடத்திரலாம், நீங்களும் வந்திருங்க." கேட்க நன்றாக இருக்கிறது. வந்தவர் டீக்கடையில் தனியாக இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "அந்த ரெண்டு ரைடர் பசங்கள எங்க டீமுக்கு விட்டீங்கன்னா செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்." புதன்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம், 'இத்தனை வருசம் கேட்ட உரிமை கிடைக்குது, போகாம இருப்பமா?' இன்னொரு பக்கம், 'அன்னைக்கு வெளிய நிறுத்துனவங்க கூடயா?' இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் சண்டை முடியவில்லை.

இந்தச் சண்டை நம் காலனியில் முளைத்தது அல்ல. நூறு வருடத்துக்கு மேலான சண்டை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1912ஆம் ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு காரியங்கள் நடந்தன.

அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் கல்லூரியில் சில கறுப்பினக் கல்லூரிகள் கூடி ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கின. ஹாம்ப்டன், ஹோவர்ட், லிங்கன், ஷா, வெர்ஜீனியா யூனியன் ஆகியவை முதல் உறுப்பினர்கள். சி.ஐ.ஏ.ஏ. என்பது சுருக்கப் பெயர். இதை அங்கே 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். மாநாடு என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் குழம்பினேன். ஒன்றோடொன்று ஆடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட கல்லூரிகளின் கூட்டு அது. யார் யாரோடு எப்போது ஆடுவது, நடுவர் யார், யார் ஆடத் தகுதியுள்ளவர், கோப்பை யாருக்கு, டிக்கெட் பணம் யாருக்கு என்பதையெல்லாம் அந்தக் கூட்டே முடிவு செய்யும்.

அன்றைக்கு அமெரிக்கத் தெற்கில் நிறப்பிரிவினைச் சட்டங்கள் கோலோச்சின. வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பர் கல்லூரிகளோடு ஆடாது, தங்கள் கூட்டுகளில் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. நம் பையன்களுக்குச் சொன்ன அதே 'இடமில்லை'தான், அங்கே அதைச் சட்டமாகவே எழுதியிருந்தார்கள். அவர்கள் தங்களுக்கென்று ஒரு மேஜை போட்டார்கள். 1913இல் இன்னொரு கூட்டமைப்பு, 1920இல் டெக்சாஸில் மற்றொன்று, 1970இல் மேலும் ஒன்று என்று வளர்ந்தது. சி.ஐ.ஏ.ஏ.வின் பெயரில் முதல் எழுத்து 'கலர்டு' என்பதைக் குறித்தது, நிறத்தவர் என்று பொருள். 1950இல் அதை 'சென்ட்ரல்' என்று மாற்றினார்கள். சுருக்கப் பெயர் மாறவே இல்லை. பெயரை மாற்றினார்களே தவிர சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

அதே 1912இல் பம்பாயில் என்ன நடந்தது?

அங்கே ஏற்கெனவே ஒரு கிரிக்கெட் போட்டி இருந்தது. 1892 முதல் ஐரோப்பியர்களும் பார்சிகளும் மோதினார்கள். 1907இல் இந்துக்கள் அணி சேர்ந்து மும்முனைப் போட்டி ஆனது. 1912இல் முஸ்லிம்கள் சேர, நான்முனைப் போட்டி. பிறகு 1937இல் கிறிஸ்தவர்கள் முதலானவர்களுக்காக 'மற்றவர்கள்' என்றே பெயர் வைத்து ஐந்தாவது அணி ஒன்றைச் சேர்த்தார்கள். 1946 வரை ஓடியது. அந்தக் காலத்து ஐ.பி.எல். என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு கூட்டம். மத அடிப்படையில் அணி பிரிப்பது தவறு என்று காந்தி உட்படப் பலர் 1940வாக்கில் கண்டித்தார்கள். சரிதான். ஆனால் அந்தக் கண்டனங்களில் பெரும்பாலும் கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு. ஐரோப்பியருக்கு அணி, பார்சிக்கு அணி, இந்துவுக்கு அணி, முஸ்லிமுக்கு அணி, 'மற்றவர்'களுக்கும் அணி. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு?

அவர்களில் ஒருவர் ஆடினார். அன்றைக்கு இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளரும் அவர்தான். பல்வாங்கர் பாலு. தோல் வேலை செய்த சமார் சாதியில் பிறந்தவர். கிரிக்கெட் பந்தின் தோலைப் பதப்படுத்தித் தைக்கிறவர்கள் யார் என்று யோசித்தால் இதன் வேடிக்கை புரியும். அந்தக் கைகள் தைத்த பந்தை எல்லோரும் தொடலாம், தைத்த கையைத் தொடக் கூடாது.

பாலு முதலில் புனாவில் மைதானக் கூலி. ஆடுகளத்தை உருட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது. வெள்ளையர்களின் புனா கிளப்பில் மாதம் நாலு ரூபாய் சம்பளம். கிரெய்க் என்ற ஆங்கிலேயர் பயிற்சிக்காக இவரைப் பந்து வீசச் சொன்னார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் பந்து வீசிய பாலுவின் கையில் அந்தக் கிளப்பில் மட்டையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது பெரிய மனிதர் வேலை, வீசுவது வேலைக்காரன் வேலை.

ஐரோப்பியரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் புனா இந்துக்களுக்குப் பாலு தேவைப்பட்டார். சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் டீ. பாலுவுக்கு வெளியே, மண் குவளையில். சாப்பாடு தனி மேஜையில்.

இது 1900வாக்கில் நடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. 2018இல் இதே அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியர் அம்மா சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ஓட்டங்களில் வென்றார்கள். பாலுவும் அவர் தம்பி சிவராமும் அதில் முக்கியமானவர்கள். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி படுதோல்வி. பாலு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்துத் திரும்பினார். நாடே கொண்டாடியது. ஆனால் இந்து அணியின் தலைவர் பதவி? அது மட்டும் அவருக்கு வரவே இல்லை. வருடா வருடம் பாலுவைவிட மிகக் குறைவாக ஆடியவர்கள் தலைவர் ஆனார்கள்.

1920இல் தலைவர் எம்.டி. பாய் உடல்நலமில்லாமல் விலகினார். பல்வாங்கர் சகோதரர்களை விட்டுவிட்டு டி.பி. தேவ்தரைத் தலைவராக்கினார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் 'ஆட மாட்டோம்' என்று விலகினார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள் தம்பிகளே. இருபது வருடம் விக்கெட் எடுத்துக் கிடைக்காதது, ஆட மறுத்த பிறகு நகர ஆரம்பித்தது. அடுத்த ஆட்டத்தில் பாலு துணைத்தலைவர். பாய் வேண்டுமென்றே மைதானத்தைவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய்ப் பாலு தலைமை தாங்க வழிவிட்டார் என்கிறார்கள். 1923இல் விட்டல் தலைவரானார், அந்த வருடம் இந்துக்கள் கோப்பையை வென்றார்கள். விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ராமச்சந்திர குஹா 2002இல் எழுதிய நூலால்தான் இவ்வளவும் இன்றைய தலைமுறைக்குப் பரவலாகத் தெரிந்தது. அதுவரை எத்தனை கிரிக்கெட் புத்தகத்தில் பாலு வெறும் பெயராக இருந்தார்!

பாலு தோற்றார் என்று நான் சொல்லவில்லை. இருபது வயது அம்பேத்கருக்குப் பாலு ஒரு பெருமிதம். பாலுவைப் பாராட்டிப் பேசியவர் அவர். ஆனால் பாலு ஆடியது எந்த அணிக்கு? தன்னை வெளியே உட்காரவைத்த அணிக்கு. வேறு அணி அவருக்கு இல்லை. ஒரே ஆண்டில் ஹாம்ப்டனில் கறுப்பர்கள் தங்களுக்கு ஒரு கூட்டமைப்பே அமைக்க, பம்பாயில் நான்காவது அணி சேர்ந்தபோதும் நமக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. மைதானம் வேண்டும், கல்லூரி வேண்டும், காசு வேண்டும், அதெல்லாம் நம்மிடம் எங்கே இருந்தது? கறுப்பர்களிடம் கல்லூரிகள் இருந்தன, அதனால் கூட்டமைப்பு வந்தது.

இதே கேள்வி 1932இல் அரசியலில் வந்து நின்றது. அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி அறிவித்தார். தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை, அதோடு பொதுத் தொகுதியிலும் ஒரு வாக்கு. காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் என்றார். செப்டம்பர் 24இல் புனா ஒப்பந்தம். 71 இடங்கள் 148 ஆயின. எண்ணிக்கை இரண்டு மடங்கு. ஆனால் முதல்கட்டத்தில் நால்வரை நாம் தேர்ந்தெடுத்தாலும், அந்த நால்வரில் யார் வெல்வது என்பதை எல்லோரும் வாக்களித்து முடிவு செய்வார்கள். எல்லோரும் என்றால் யார் பெரும்பான்மை என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அணியில் நம் ஆள் அதிகம், தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் பல்வாங்கர் பாலுவும் ஒருவர். தனித்தொகுதி வேண்டாம், கூட்டுத் தொகுதியே போதும் என்ற பக்கத்தில் அவர் நின்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை பம்பாயில் யாரை எதிர்த்து நிறுத்தியது தெரியுமா? அம்பேத்கரை எதிர்த்து. ஏறத்தாழ 2000 வாக்கில் அம்பேத்கர் வென்றார். பாலுவைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் தோழர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மண் குவளையில் டீ குடித்துக் குடித்து, ஒருநாள் உள்ளே அழைக்கப்பட்ட மனிதர் அவர். உள்ளே இருப்பதன் அருமை அவருக்குத் தெரியும். அதை இழக்கப் பயந்திருப்பார். என் அப்பா இங்கே சிற்பக்கூடங்களில் கல் இறக்கியவர். எப்போதாவது உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டால் அதை ஒரு வாரம் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். அப்பாவை நான் துரோகி என்பேனா?

இப்போது அமெரிக்காவுக்குத் திரும்புவோம். தங்களுக்கென்று கூட்டமைப்பு கட்டினார்களே, அவர்களுக்கு என்ன ஆயிற்று?

நன்றாகவே நடந்தது. டென்னசி ஏ அண்ட் ஐ என்ற கறுப்பினக் கல்லூரி ஜான் மெக்லெண்டன் பயிற்சியில் 1957, 58, 59 மூன்று வருடமும் தொடர்ந்து ஒரு தேசியக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. கிராம்பிளிங் கல்லூரியில் எட்டி ராபின்சன் 1941இல் பயிற்சியாளராகி 1997வரை இருந்து 408 வெற்றிகள் பெற்றார். வெள்ளையர் கதவை மூடியிருந்ததால் திறமை முழுவதும் இந்தக் கல்லூரிகளில்தான் திரண்டது.

கதவு திறந்தது. அதைத் திறக்கத்தான் போராடினார்கள், திறந்தது நல்லதும்கூட. 1970இல் தெற்குக் கலிஃபோர்னியா அணி அலபாமாவுக்கு வந்து 42க்கு 21 என்று அடித்துவிட்டுப் போனது. அதில் சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரரின் ஆட்டம் புகழ்பெற்றது. அந்த ஒரு ஆட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது கொஞ்சம் சினிமாக் கதை. ஆனால் அந்தக் காலகட்டத்தில்தான் தெற்கின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைத் தேடித் தேடி எடுக்கத் தொடங்கின. பயிற்சியாளர்களை எடுக்கவில்லை. மைதானங்களை எடுக்கவில்லை. கூட்டமைப்பைச் சமமாக ஏற்று ஆடலாம் என்று சொல்லவில்லை. வீரர்களை மட்டும் எடுத்தார்கள். 'அந்த ரெண்டு ரைடர் பசங்கள விட்டீங்கன்னா...'

நம் ஊர்க் கோயில் புராணம் நினைவுக்கு வருகிறது. சுந்தரர் பரிசுப் பொருளோடு இந்த வழியாக வந்தபோது சிவன் தன் பூதகணங்களை வேடர் வேஷத்தில் அனுப்பிப் பறிக்கவைத்தார், சுந்தரர் பாடியதும் திருப்பிக் கொடுத்தார் என்பது கதை. கடவுளே கொள்ளையடிக்க வேண்டுமென்றாலும் வேடன் வேஷம்தான் போடவேண்டியிருக்கிறது, பாருங்கள். அது கிடக்கட்டும். பறித்ததைத் திருப்பிக் கொடுத்த ஊர் என்று பெயர். அமெரிக்காவில் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீரர்கள் போனார்கள். பிறகு தொலைக்காட்சிப் பணம் போனது. கடைசியில் கல்லூரிகளே கூட்டமைப்பு மாறத் தொடங்கின. 1912இல் எந்த ஹாம்ப்டனில் முதல் கூட்டமைப்பு பிறந்ததோ, அதே ஹாம்ப்டன் 2018இல் கறுப்பினக் கூட்டமைப்பை விட்டு 'பிக் சவுத்' என்ற பொதுக் கூட்டுக்குப் போனது. 2021இல் வட கரோலினா ஏ அண்ட் டி அதே வழியில் போனது. 2022இல் இரண்டும் அதைவிடப் பெரிய கூட்டுக்கு நகர்ந்தன. ஏ அண்ட் டி எது தெரியுமா? 1960 பிப்ரவரி 1இல் கிரீன்ஸ்பரோ நகரின் உல்வொர்த் கடையில் வெள்ளையர் மட்டும் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து 'காபி கொடு' என்று கேட்ட நாலு மாணவர்களின் கல்லூரி. அந்தக் கல்லூரிக்குப் பொது மேஜையில் உட்கார உரிமை இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

எதிர்த்திசையிலும் நகர்வு உண்டு. ஃபுளோரிடா ஏ அண்ட் எம், பெத்யூன் குக்மன் இரண்டும் 2021இல் ஒரு கறுப்பினக் கூட்டமைப்பிலிருந்து இன்னொரு கறுப்பினக் கூட்டமைப்புக்குப் போயின. அது 12 உறுப்பினரோடு பலமானது. விட்டுவந்தது 8 உறுப்பினராகச் சுருங்கியது. வின்ஸ்டன் சேலம் மேலே போய்ப் பார்த்து, செலவு தாங்காமல் 2010இல் பழைய சி.ஐ.ஏ.ஏ.வுக்கே திரும்பியது. சவானா ஸ்டேட் 2019இல் திரும்பியது. 2015இலிருந்து இரண்டு கறுப்பினக் கூட்டமைப்புகளின் சாம்பியன்களும் அட்லாண்டாவில் மோதும் பெரிய ஆட்டம் ஒன்று நடக்கிறது. அதன் பெயரே கொண்டாட்டம்தான். ஆனால் அதை நடத்துவது கல்லூரிகள் அல்ல, இ.எஸ்.பி.என். தொலைக்காட்சி நிறுவனம். ஆக, தனியாக இருந்தால் மட்டும் சாவி நம்மிடம் இருக்கும் என்பதும் இல்லை.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டு, 'நமக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்கலாம். நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகள். நான் பத்தாம் வகுப்புவரை விடுதியில்தான் படித்தேன். கபடி கற்றதும் அங்கேதான். ஒழுகும் கூரை, தண்ணீர்க் குழம்பு எல்லாம் தெரியும். 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக அறிவித்தார்கள். கேட்டதும் முதலில் எனக்கு மகிழ்ச்சி. தனிப் பள்ளி என்பதே ஒரு தீண்டாமைதானே என்று தோன்றியது. பிறகு பல தலித் இயக்கங்களும் ஆசிரியர்களும் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்கப் போனேன். இந்தப் பள்ளிகளின் நிலம் யாருக்குப் போகும்? நம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கும் நிதி எந்தக் கணக்கில் கரையும்? பெரிய துறைக்குள் போனபின் நம் விடுதிப் பிள்ளைக்காக யார் குரல் கொடுப்பார்? அந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் 'ஒன்றாகிவிட்டோம்' என்பது பாலுவை அணியில் சேர்த்த மாதிரிதான். 2025இல் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். குழம்பு கெட்டியாகியிருக்கிறதா என்று ஒருநாள் போய்ப் பார்த்து வரவேண்டும்.

விளையாட்டில் சாதி இல்லை என்று இன்னும் சொல்கிறார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற அன்று, வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டியதை மறந்துவிட்டார்கள் போல. கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கியபோது நானும் அழுதேன். மணத்தி கணேசனின் வாழ்க்கையை வைத்து 'பைசன்' வந்தபோது இங்கே பாதிப் பேர் இரண்டு தரம் பார்த்தீர்கள். தனி ஆள் மேலே வருவதைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் கண்ணகி நகருக்கு மைதானம் கேட்பதையும் ஆள் பார்த்து மாலை போடுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். என் கருத்தைச் சொல்லாமல் நழுவினால் தம்பி வீட்டில் சாப்பாடு போடமாட்டான்.

போகலாம் என்றுதான் நினைக்கிறேன். டீமாகப் போகவேண்டும். இரண்டு ரைடர்களை மட்டும் அனுப்பும் பேச்சே கூடாது. அந்த இரண்டு தம்பிகளையும் இங்கே வைத்துக்கொண்டே சொல்கிறேன்: உங்களுக்குப் பணம் தேவை, வீட்டில் கடன் இருக்கிறது, எனக்குத் தெரியும். நீங்கள் போனால் உங்களை யாரும் தப்பாகப் பேசக் கூடாது. ஆனால் டீமாகப் போவோம் என்று கேட்டுப் பார்க்காமல் போகாதீர்கள். ஒருவேளை அவர்கள் மறுத்தால், எதற்காக அழைத்தார்கள் என்பது வெட்டவெளிச்சமாகும்.

ஒன்றாக நடத்தலாம் என்றால் கமிட்டியிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஃபிக்சர் சீட்டு எல்லா டீமும் பார்க்கக் குலுக்கவேண்டும். ரசீதுப் புத்தகத்தில் பாதி நம் பையன்கள் கையில் இருக்கட்டும். வட மாநிலத் தொழிலாளர் டீமும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் உள்ளே போனால் நாமும் 'இடமில்லை' சொல்கிறவர்களாகிவிடுவோம். நோட்டீஸில் யார் பெயருக்குப் பின்னாலும் சாதி வரக் கூடாது. சாப்பாடு ஒரே பந்தி. இதில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதை ஆடுகிற நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும், ஆராய்ச்சி செய்கிற நான் இல்லை. எனக்குக் கேட்டால் ரசீதுப் புத்தகத்தை விட மாட்டேன்.

இன்னொன்று. நம் போட்டியை நிறுத்தக் கூடாது. அவர்கள் என்ன சொன்னாலும் தை மாதம் நம் ட்யூப் லைட் எரியவேண்டும். ஹாம்ப்டன் போனபிறகும் சி.ஐ.ஏ.ஏ. இருக்கிறது. அது இருந்ததால்தான் வின்ஸ்டன் சேலம் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. இந்த வருடம் ஷீல்டுக்கு என் ஸ்டைபண்டிலிருந்து தருகிறேன், எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்குப் பேச்சுவார்த்தை என்கிறார்கள், அவர்கள் ஊரில். ஐந்து பேர் போகவேண்டும், நானும் வருகிறேன். டீ கொடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கிளாஸில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம்.